வீட்டு முற்றத்தில் ஒரு புள்ளி

உடல் வைத்த சந்தூக்கைத் தோளுக்கு ஏற்றுகிற நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. இறங்கிய வயதான மனிதருக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷம். பிறகுதான் சந்தூக்கு கண்ணில் பட்டது. பதறிப்போய்க் காரைப் பின்னுக்கு எடுத்தார். ஆண்கள் கலிமாச் சொல்லிக்கொண்டு, அடக்கம் செய்ய மையவாடிப் பக்கம் நடந்தார்கள்.

கதவோரம் பெண்களோடு நின்ற இல்மாவுக்கு அவர் ஏன் வந்தாரென்று உடனே விளங்கிவிட்டது.

அவளுடைய வாப்பா முஸம்மில், கரையோர மரபுப் பாதையின் கல்பிட்டித் தகவல் நிலையத்தைப் பார்த்துவந்தவர். கோட்டைக்குப் போகும் வீதியில் ஒற்றை அறை. மூன்று வருஷத்துக்கு முன் அதை போன் வரைபடத்தில் ஏற்றச் சொன்னார்கள். அங்கே சிக்னல் இல்லையென்று மனிதர் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நின்று, 'இந்த இடம்' என்று போனில் அமத்திவிட்டார். அன்றிலிருந்து நிலையத்தைத் தேடுகிறவர்களெல்லாம் வீட்டுக்கு வந்தார்கள். அவர் அதைப் பிழையாகவே எடுக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து, தானே சைக்கிளில் முன்னால் போய்க் காட்டுவார். அவர் இல்லாத நேரம் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

ஆள் வராத நிலையங்களை மாத முடிவில் மூடப்போவதாகப் போன கிழமை கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் வரைபடப் புள்ளியை நிலையத்துக்கு மாற்றித் தரச்சொல்லி மகளிடம் கேட்டார். "நாளைக்கு மாத்தித் தாறன் வாப்பா" என்று இல்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் சுபஹுத் தொழுகைக்கு அவர் எழும்பவில்லை.

கார்க்காரர் வேலியோரம் வந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்க பிள்ளை. நாங்கள் மன்னார். சிலாபத்தில இருந்து ஒவ்வொரு நிலையமாப் பாத்துக்கொண்டு வாறம். போன் இதத்தான் காட்டிச்சு. நாங்கள் போறம்."

"கொஞ்சம் பொறுங்க" என்று இல்மா உள்ளே திரும்பினாள்.

"மையத்தத் தூக்கிக்கொண்டு போய் அஞ்சு நிமிஷம் ஆகல்ல. ஆக்கள் என்ன நெனைப்பாங்க?" சாச்சி நஃபீஸா முந்திக்கொண்டாள்.

வெள்ளைப் புடவையில் இருந்த உம்மா கமறியா மூக்கைத் துடைத்தாள். "மையவாடிக்குப் பொம்புளைங்க நாம போக ஏலா. புள்ள நிலையத்துக்காவது போகட்டும். வந்தவங்களத் திருப்பி அனுப்பினா அந்த மனுசன் என்னோட ஒரு கிழமைக்குக் கதைக்கமாட்டாரு." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

நிலையத்தில் இல்மா படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒல்லாந்தர் கோட்டை, முன்னேஸ்வரம், தலவில மாதா கோயில். வாப்பா சொல்கிற அதே வரிசை. கார்க்காரர் இன்னாசிப்பிள்ளையோடு வந்த அவர் மனைவி அஜித்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் தலவிலவுக்குப் புறப்பட்டார்கள்.

இல்மா நிலையத்து வாசற்படியில் நின்று வாப்பாவின் போனை எடுத்தாள். இப்போது இங்கே சிக்னலுக்குக் குறைவில்லை. 'இந்த இடம்' என்று அமத்தினாள். வீட்டு முற்றத்தில் நின்ற புள்ளி இல்லாமல் போனது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

போன் அடித்தது.

"முஸம்மில் நானாவா? நாங்க பாலாவியில நிக்கிறம், எட்டுப் பேர். இண்டைக்குத் தொறந்திரிக்கா?"

அவள் முகத்தைத் துடைத்தாள். "நான் அவர்ட மகள். ஓம், தொறந்திரிக்கி. நேரா இங்க வாங்க."

உள்ளே நாலு கதிரைதான் இருந்தது. இன்னும் நாலு கேட்க, வீதியைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனாள்.