ஆள் இருக்கும் இருட்டு

அவள் செய்கிற மருந்துக்கு ஆயுள் குறைவு. இருபது நிமிடத்தில் பாதி போய்விடும். அடுத்த இருபதில் மீதியில் பாதி. அடித்தளத்தில் இருக்கும் சைக்ளோட்ரான் கதிரியக்கக் கார்பனை உண்டாக்கித் தரும். அவள் ஈயச் சுவருக்கு இப்பால், தடித்த கண்ணாடி முன் நின்று, இயந்திரக் கைகளால் அதை வாங்கித் தன் மூலக்கூறோடு ஒட்டவைப்பாள். சுத்தம் செய்து, சோதித்து, மேல்மாடிக்கு அனுப்புவாள். ஆற அமர என்கிற பேச்சே கிடையாது.

மேலே ஒருவர் கருவிக்குள் தலையைக் கொடுத்துப் படுத்திருப்பார். கையில் ஊசி ஏறும். மருந்து மூளைக்குப் போய்த் தனக்குரிய இடங்களில் உட்காரும். உட்கார்ந்த இடத்திலிருந்து கதிர் கிளம்பும். கருவி அதைப் படமாக்கும்.

அந்த மூலக்கூறு அவளுடையது. ஆறு வருடம். எலிகளில் வேலை செய்தது. சோதனைக்கு வந்த இளைஞர்கள் இரண்டு பேரிடமும் வேலை செய்தது. ஆனால் மருந்து வயதானவர்களுக்காகச் செய்தது. வயதானவர்கள் யாரும் முன்வரவில்லை.

"என்னைச் சேர்த்துக்கோ" என்றார் அப்பா.

வீட்டில் முன்னறை மேசை. இரண்டு நாற்காலிகள். அம்மா இறந்த பிறகு மூன்றாவதை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். ஒன்றில் அவர். எதிரில் இருந்தது அம்மாவுடையது, மகள் வந்தால் அதில் உட்காருவாள்.

"ரிசப்டர் ரிசப்டர்ங்கறியே, அது என்னது?"

"நாற்காலின்னு வெச்சுக்கங்கப்பா. மூளையில குட்டி குட்டியா கோடிக்கணக்கில இருக்கு. என் மருந்து போய் அதுல உட்காரும். எங்கெல்லாம் உட்காருதோ அங்கெல்லாம் படத்துல விளக்கு எரியும்."

"என் மூளையில நாற்காலியா? முக்காலிகூட இல்லன்னு சொல்வா உங்கம்மா."

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

"விளக்கு எரியலன்னா?"

"ஏற்கெனவே வேற யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னு அர்த்தம். பஸ்ல சீட் பிடிச்ச மாதிரி. அதையும் சோதிப்போம். வேற ஒரு மாத்திரையை முன்னாடியே கொடுத்து எல்லா இடத்தையும் நிரப்பிட்டு, அப்புறம் என் மருந்தை அனுப்புவோம். உட்கார இடம் இருக்காது. படம் இருட்டாயிடும்."

"அப்ப வெளிச்சமா இருந்தா ஆள் இல்ல. இருட்டா இருந்தா ஆள் இருக்கு."

"ஆமாப்பா."

"தலைகீழா இருக்கே" என்றார்.

ஆய்வில் சேர்க்கும் முன் மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பா ஒழுங்காகப் பதில் சொன்னார். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. பிறருக்குக் கேட்காத சத்தம் எதுவும் கேட்பதில்லை.

அப்பாவின் முறை வந்த அன்று தயாரிப்பு சுத்தமாக வந்தது. அவள் கையுறையைக் கழற்றி, விரல் மோதிரத்தில் இருந்த கதிர்மானியைச் சரிபார்த்து, மேலே போனாள். ஸ்கேன் அறையில் இருப்பவரை எல்லோரும் படக்காரர் என்பார்கள். வாய் ஓயாத மனிதர். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பிளாக்கிங் ஸ்கேன் பிரமாதம் மேடம். சொட்டு வெளிச்சம் இல்ல. இழுத்துப் பூட்டின மாதிரி இருக்கு."

"இன்னிக்கு பிளாக்கிங் இல்லையே."

"இல்லையா?"

"இடத்தை நிரப்பற மாத்திரை எதுவும் கொடுக்கல. இது முதல் ஸ்கேன்."

படக்காரர் நாற்காலியைத் திருப்பினார். பிறகு மறுபடி திரைக்கே திருப்பிக்கொண்டார்.

மூளையின் நடுவில், இரு பக்கமும், வளைந்த இரண்டு வெளிச்சங்கள் தெரிய வேண்டும். தெரியவில்லை. மொத்தமும் ஒரே சாம்பல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா எழுந்து உட்கார்ந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

தலைமை மருத்துவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். வார்த்தையை அளந்து பேசுகிறவர்.

"வயசான மூளையில உட்காரலன்னா இந்த மருந்து எதுக்கு?"

"என் தயாரிப்புல தப்பு இருக்கலாம், டாக்டர். பார்த்துச் சொல்றேன்."

"சீக்கிரம் பாருங்க. ஆய்வுக்கு அனுமதி தர்ற குழு கூடப்போகுது. இப்படியே போனா மூட்டை கட்டிடுவாங்க."

இந்தத் தொழிலில் முதல் சந்தேகம் எப்போதும் ஒன்றுதான். சாதாரணக் கார்பன். அது எங்கும் இருக்கிறது, மூச்சுக்காற்றில்கூட. குழாயில் ஒரு மயிரிழை கசிவு போதும், உள்ளே வந்துவிடும். கதிரில்லாத கார்பனும் அதே மூலக்கூறாக மாறும். அதே இடத்தில் உட்காரும். ஆனால் ஒளிராது. ஊமைகள். ஊமைகள் முந்திக்கொண்டால் பேசுகிறவற்றுக்கு இடமிருக்காது.

அவள் வாயுக் குழாய்களை ஒவ்வொரு மூட்டாகக் கழற்றினாள். கசிவு இல்லை. அன்றைய மருந்தில் எடுத்துவைத்திருந்த மிச்சத்தை அளந்தாள். ஊமைகள் வழக்கத்தைவிடக் குறைவு. அவள் செய்ததிலேயே நல்ல தயாரிப்பு அதுதான்.

படக்காரர் கீழே எட்டிப்பார்த்தார். "என்ன மேடம், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிடுச்சா?"

"மருந்து மேல தப்பில்ல."

"அப்ப ஆள் மேலதான் தப்பு. எவனோ முன்னாடியே போய்த் துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கான்."

விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் கையில் இருந்த திருகு கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கவில்லை.

இடத்தை நிரப்புவதற்கு அவர்கள் கொடுக்கும் மாத்திரை ஆய்வகத்துக்கென்று செய்ததல்ல. கடையில் கிடைப்பது. வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு. அவள் அந்த மாத்திரையை முதலில் பார்த்தது ஆய்வகத்தில் அல்ல. அம்மாவின் உள்ளங்கையில்.

அம்மாவுக்கு யாரோ மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. மாத்திரையை வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பிறகு துப்பிவிடுவாள். அதனால் பள்ளிக்குப் போகும் முன் மகளுக்கு ஒரு வேலை. நாக்கைத் தூக்கும்மா. அம்மா நாக்கைத் தூக்குவாள். கீழே ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். இந்த ரிசப்டரை அவள் தேர்ந்தெடுத்ததற்கு அறிவியல் காரணங்கள் பல சொல்லியிருக்கிறாள். இதைச் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போனபோது மதியம். அப்பா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா. நாக்கைத் தூக்குங்க."

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். ஒன்றுமில்லை.

"காலையிலேயே போட்டுட்டேன்" என்றார்.

"எத்தனை நாளா?"

"உங்கம்மா போய் மூணு மாசத்துலேர்ந்து."

"எங்கேர்ந்து வருது மாத்திரை?"

"அதே கடைதான். அவ பேர்லயே. அவ போயிட்டான்னு அவங்ககிட்ட யாரும் சொல்லல."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். அப்பா மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"முதல்ல குழாய் திறக்கிற சத்தம். போய்ப் பார்த்தா தொட்டி காஞ்சு கிடக்கு. அப்புறம் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். அப்புறம் பேச்சு."

"என்ன பேசுவாங்க?"

"என்ன பேசுவா? கதவைச் சாத்தினீங்களா, விளக்கை அணைச்சீங்களா. உயிரோட இருந்தப்ப பேசினதுதான்."

"பயந்துட்டீங்களாப்பா?"

"பயமா? வெட்கமா இருந்துச்சு. யாரும் இல்லடி, யாரும் இல்லடின்னு முப்பது வருஷம் அவகிட்ட சொன்னவன் நான்." சட்டையை வைத்தார். "அலமாரியில அவ மாத்திரை மிச்சம் இருந்துச்சு. போட்டேன். நின்னுபோச்சு."

"நின்னதும் நிம்மதியா இருந்துச்சா?"

"வீடு அமைதியா இருந்துச்சு" என்றார்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். படம் இருட்டானதற்குக் காரணம் கிடைக்கும். மருந்தின் மேல் பழி வராது. அவருக்கும் முறையான சிகிச்சை கிடைக்கும்.

"வேண்டாம்மா. உங்கம்மாவை எல்லாரும் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அந்தப் பார்வையை நான் தாங்க மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாத்திரையை நிறுத்திடறேன். இன்னொரு படம் எடுத்துக்கோ. உன் மருந்தும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும்."

"நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். வருவா."

மறுநாள் அவள் தலைமை மருத்துவரிடம் போய், குழாயில் கசிவு இருந்தது, சாதாரணக் கார்பன் உள்ளே வந்துவிட்டது, அந்தத் தயாரிப்பைத் தள்ளிவிடலாம் என்றாள். மருந்தைக் காப்பாற்றத் தன் கைவேலையின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். இருபது வருடத்தில் அவள் கையில் கசிவு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் நம்பினார்கள்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் படக்காரர்.

மூன்று வாரம் கழித்து அப்பா மறுபடி வந்தார். இளைத்திருந்தார். முகம் மழித்து, தலை வாரி, புதுச் சட்டை. கருவியின் முன் நின்று, பக்கத்தில் யாரையோ முதலில் போகச் சொல்வது போல ஒரு கணம் தயங்கினார். பிறகு படுத்தார்.

ஊசி ஏறியது. படக்காரர் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அப்பா யார்கூடவோ பேசிட்டிருக்கார் மேடம். ஆனா தலை ஒரு இம்மி அசையல. இப்படி ஒரு ஆள் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

அவளும் கேட்டாள். கருவியின் இரைச்சலுக்கு அடியில் அப்பாவின் குரல், பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல.

"கிட்ட வராத. தள்ளி நில்லு. கதிர் படும்."

அவள் கை நீண்டு பொத்தானை அணைத்தது.

திரையில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. நடுவில், இரு பக்கமும், வளைந்த இரண்டு வெளிச்சங்கள். இளைஞர்களின் மூளையில்கூட இத்தனை துலக்கமாக வந்ததில்லை. படக்காரர் சீட்டி அடித்தார். தலைமை மருத்துவர் குனிந்து பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டினார்.

"பிழைச்சுடுச்சு உங்க மருந்து. குழுவுக்கு இந்த ஒரு படம் போதும்."

வெளிச்சமாக இருந்தால் ஆள் இல்லை. அவள்தான் காலி செய்தாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் நின்று மாத்திரை வாங்கினாள். அம்மாவின் பெயரைச் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். எப்படி இருக்காங்க என்று கேட்டார்கள். நல்லா இருக்காங்க என்றாள்.

முன்னறையில் மதிய வெயில் மேசை வரை வந்திருந்தது. அப்பா தன் நாற்காலியில் இருந்தார். எதிர் நாற்காலி மேசையிலிருந்து சற்றுப் பின்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேசை மேல் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்று ஆடை படிந்து ஆறியிருந்தது.

மாத்திரையைக் கொடுத்தாள். ஒரு மறுப்பும் சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியானது.

"வேலை முடிஞ்சுதாம்மா? படம் நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு. நாக்கைத் தூக்குங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தூக்கினார். வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு. ஓரம்கூடக் கரையவில்லை.

"அப்பா."

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே." நாக்கடியில் மாத்திரையோடு பேச்சு குழறியது. "ரெண்டு வருஷமா வெளியிலயே நிக்க வெச்சுட்டேன். இப்பதான் வந்து உட்கார்ந்திருக்கா."

அவள் உட்காரலாம் என்று எதிர் நாற்காலியின் முதுகில் கையை வைத்து இழுத்தாள்.

"அதுல வேண்டாம்" என்றார் அப்பா, மெதுவாக.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். விழுங்கவைத்தே ஆக வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். அப்பாவின் கண்கள் அவளுக்கு முன்னாலேயே சமையலறை வாசலுக்குப் போய் நின்றன.

வாசலில் அவள், எதிரே வருகிறவருக்கு வழி விடுவது போல, சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.