வெந்தயத்தின் மேல் போட்ட பழி

ஆரோக்கியநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அது அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தார். போளூர் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து, "தாத்தா, நீங்க உக்காருங்க" என்று சொன்ன அன்று, இறங்கியதும் நேரே கடைக்குப் போய் ஒரு டை பாக்கெட் வாங்கினார். அந்தப் பெண் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துதான் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். வாரம் முழுக்க மலையில் வாடகை அறை, சனிக்கிழமையானால் ஒடுகத்தூரில் வீடு. திடீரென்று கறுத்துப்போன தலையை மனைவி ஜெபகுமாரி உற்றுப் பார்த்தபோது, "மலைத் தண்ணி அப்படி" என்றார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏமாந்துவிட்டாள் என்று அவருக்குப் பெருமை.

மூன்றாவது முறை டை அடித்ததும் அரிப்பு ஆரம்பித்தது. சாதாரண அரிப்பா? கணக்குப் போடும்போதும் சொறிந்தார், வருகைப் பதிவு எடுக்கும்போதும் சொறிந்தார். ஒருநாள் கையிலிருந்த சிவப்புப் பேனாவாலேயே சொறிந்ததில், "ஐயோ, சாருக்கு ரத்தம்!" என்று மூன்றாம் வகுப்பு அபிநயா அலறிவிட்டாள். பள்ளியில் காலைச் சிற்றுண்டி சமைக்கும் கெங்கம்மாள் கை நிறைய மஞ்சள் தூளோடு ஓடி வந்தாள். குனியச் சொல்லிப் பார்த்தவள், "இது இங்க் சார்" என்றாள். "ஆனா இன்னாத்துக்கு இப்பிடி பறண்டிக்கினே இருக்கீங்க?"

"பொடுகும்மா. மலைக்காத்து ஒத்துக்கல."

"பன்னெண்டு வருசமா ஒத்துக்கின காத்துக்கு இப்ப இன்னா வந்துச்சு?"

மறுநாள் அவள் ஒரு தூக்குப் போசியில் வெந்தய விழுது கொண்டுவந்தாள். முந்தின நாளே ஊறவைத்து, புளிக்காத தயிர் விட்டு அரைத்தது. "அரை மணி நேரம் தலையில வுட்டுட்டு வெறும் தண்ணியில கழுவுங்க சார். நகம் மட்டும் படவே கூடாது."

பூசியதும் உச்சியிலிருந்து பிடரி வரை குளுகுளுவென்று இறங்கியது. வாரம் இரண்டு தடவை என்று மூன்று வாரத்தில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இயற்கை வைத்தியத்தின் மகிமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகள் வெயிலில் நெளிந்தன. சமையலறை வாசலில் கெங்கம்மாள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரமே தலை அரிப்பென்று நாலைந்து பெண்கள் அவளிடம் வெந்தயம் கேட்டு வந்தார்கள்.

இதற்குள் காதோரம் வெள்ளை எட்டிப் பார்த்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கு போட்டோ எடுக்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் மறுபடி ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். விடிந்து பார்த்தால் காது மடல் வீங்கி நீர் வடிந்தது; தலை நெருப்பாக எரிந்தது. பள்ளிக்குள் நுழைந்ததும், "இன்னா சார் ஆச்சு?" என்று பதறினாள் கெங்கம்மாள். பக்கத்தில் இரண்டு தாய்மார்கள் நின்றார்கள்.

"எல்லாம் உன் வெந்தயம் பண்ண வேலை" என்றார் அவர்.

சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. கெங்கம்மாள் திரும்பி உப்புமாவைக் கிளறினாள். அன்று வெந்தயம் கேட்டு வந்தவளிடம், "வேணாம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவள் சொன்னது இவர் காதில் விழுந்தது.

மத்தியானம் ஜெபகுமாரிக்குப் போன் போட்டார். "தலையெல்லாம் வீங்கிடுச்சு. என்னன்னே தெரியல."

"டை அடிச்சீங்களா?"

"டையா? உனக்கு எப்டி..."

"தலகாணி உறைய தொவைக்கிறது யாருங்க?" என்று சிரித்தாள் ஜெபகுமாரி. "முதல்ல டாக்டர பாருங்க."

வெந்தயக் கதையையும் அவர் சொன்னார். எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "பாவம் அந்தம்மா. டாக்டருக்கு முன்ன அவங்கள பாருங்க" என்றாள்.

பள்ளி விட்டதும் போனார். கெங்கம்மாள் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வயதிலும் ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் பாடம் நடத்துகிறவருக்கு, "நான் டை அடிச்சேன்" என்ற மூன்று வார்த்தை வாயிலிருந்து வர ஐந்து நிமிஷம் பிடித்தது.

கெங்கம்மாள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "வூட்ல இருந்த வெந்தயத்தையெல்லாம் காலையிலயே கொட்டிட்டேன் சார். கெட்டுப்போன சரக்கு போலக்குது, இன்னொருத்தர் தலயையும் கெடுத்துடுவேனோன்னு பயந்துக்கினு."

அவருக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் கெங்கம்மா."

"சொல்லுங்க" என்றாள் அவள். வேண்டாமென்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பிரார்த்தனையில் சொன்னார். "எனக்கு அம்பத்திரண்டு வயசு. டை அடிச்சதாலதான் தலை வீங்குச்சு. கெங்கம்மா மேல பொய்யா பழி போட்டேன். தப்பு என்னுது." பிறகு அபிநயா கையைத் தூக்கி, "சார், அம்பத்திரண்டுதானா?" என்றாள். கெங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்த பிறகு அவரும் சிரிக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் களிம்பு கொடுத்து, டை பக்கமே போகாதீர்கள் என்றார். வீக்கம் வடிந்து பத்து நாள் கழித்து, ஆரோக்கியநாதன் ஒரு பை வெந்தயத்தோடு சமையலறை வாசலில் போய் நின்றார். அடி வெள்ளையும் நுனி கறுப்புமாக நின்ற அவர் தலையைக் கெங்கம்மாள் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"முதல்ல முடிய ஒட்ட வெட்டிக்கினு வாங்க சார்" என்றாள். "அரைக்கிறத அப்பறம் பாக்கலாம்."