மழைப்பெட்டியும் ஒரு பிடி உப்பும்

செல்லபாயின் இடது கண்ணில் புரை எடுத்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில், மணல், காற்று மூன்றும் ஆகாது, கண் ஆறும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கடியபட்டணத்தில் கடலுக்கு எதிரே குடியிருந்து, நெத்திலி காயப்போட்டுப் பிழைக்கிற பெண்ணிடம் சொல்கிற வார்த்தையா இது? அங்கே நன்றாகத் தலையாட்டினாள். மறுநாள் காலையில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணலில் மீன் காய விரித்திருந்த வலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வாங்க மாமி, நான் பாத்துக்கிடுதேன்" என்று மருமகள் ஜின்சி கெஞ்சினாள்.

"நீ பாத்த லெச்சணம் எனக்குத் தெரியாதா? தையல் மிசினு ஓடிச்சுன்னா ஒனக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

அதில் பொய்யில்லை. ஐப்பசி மாதம் வேறு. மலைப்பக்கம் கறுத்ததும் மழை வந்து நிற்கும். பாதி காய்ந்த நெத்திலி நனைந்துவிட்டால் பிறகு கோழித்தீவனத்துக்குத்தான் ஆகும். மகன் ஷிஜின் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி தைக்க வேண்டும், இன்னொருத்தி வானத்தைப் பார்க்க வேண்டும். மாமியாரின் கண் போய்விடுமோ என்று ஜின்சிக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. வாய் நீளமானவள்தான், ஆனால் தாயில்லாத ஜின்சிக்குப் பிரசவம் பார்த்ததும், குழந்தை தங்காமல் போனபோது கூடவே படுத்து அழுததும் அந்தக் கிழவிதான்.

சார்ஜாவிலிருந்து வந்த அண்ணன் ஜான்ரோஸ் என்ன வேண்டும் என்று கேட்டபோது, சென்டு வேண்டாம், இது வேண்டும் என்று போனில் படம் காட்டி ஜின்சி வாங்கிய ஒரு நீலப் பலகை வீட்டில் இருந்தது. உள்ளங்கை அகலம்தான். ஆர்டுயினோ என்று பெயர். கம்ப்யூட்டரில் நாம் எழுதிக் கொடுப்பதை அப்படியே செய்யும். பி.காம் படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஜின்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இலவசமாக வந்த நெட்டில் வீடியோ பார்த்து, அண்ணனின் பழைய லேப்டாப்பில் தட்டித் தட்டிக் கற்றாள். வரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் சிவப்பு எழுத்தில் திட்டு வரும். செல்லபாயோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கு அதெல்லாம் ஒரு திட்டா? முதல்முறை சின்ன விளக்கு ஒன்று அவள் சொன்னபடி மினுங்கியபோது, கண்டவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

இப்போது அவள் செய்தது மழைப்பெட்டி. செம்புக் கோடுகள் போட்ட தீப்பெட்டி அளவுத் தகடு ஒன்றை வெளியே கம்பில் கட்டினாள். தகட்டில் ஈரம் பட்டால் மின்சாரம் அதன் வழியே ஓடும், பலகைக்குப் போகிற எண் குறையும். காய்ந்திருந்தால் ஆயிரத்தை ஒட்டி நிற்கும், நன்றாக நனைந்தால் முந்நூறுக்கு இறங்கும். எழுநூறுக்குக் கீழே போனால் தையல் மிஷினுக்கு மேலே மாட்டிய பஸ்ஸர் என்கிற ஒலிப்பான் அலற வேண்டும். வீடியோக்காரர் சொன்ன கணக்கு அதுதான்.

"இது கூவும்வரைக்கும் நீங்க வாசலத் தாண்டப்படாது. சம்மதமா?"

"பாப்போம்" என்றாள் செல்லபாய். அவள் வாயிலிருந்து அது வருவதே பெரிய காரியம்.

மறுநாள் நண்பகலில் பஸ்ஸர் வீடே அதிர அலறியது. ஜின்சி தார்ப்பாயோடு ஓடினாள். அவளுக்கு முன்னால், கண்ணாடிகூட மாட்டாமல், செல்லபாய் ஓடினாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் தங்கள் மீனை வாரி மூடினார்கள். அண்ணாந்து பார்த்தால் மேகம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு துளி இல்லை. கடற்காற்றுதான் மணலை வாரி முகத்தில் அடித்தது.

அடுத்த நாளும் அதே கதை. பிறகு ஒரே நாளில் இரண்டு தரம். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீன்காரன் சிலுவை, "ஏட்டி ஜின்சி, ஒனக்க பெட்டிக்கு வேர்த்தாலும் மழைன்னு சொல்லுமா?" என்று கேட்டான். கடற்கரையே சிரித்தது. ஜின்சிக்கு மூக்கு உடைந்துபோயிற்று. அதைவிட மோசம், ஒவ்வொரு முறையும் வெளியே ஓடிய செல்லபாயின் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது.

"நாளையில இருந்து நான் வெளியதான் இருப்பேன். பொய் சொல்லுத சாமானத்த நம்பி எனக்க மீன விடமாட்டேன்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஜின்சி எழுதியதை வரி வரியாகப் பார்த்தாள். கம்பிகளைப் பிடுங்கி மீண்டும் செருகினாள். எல்லாம் சரியாகவே இருந்தது. விடிந்ததும் தகட்டையும் பார்த்துவிடலாம் என்று கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கம்பின் அருகே செல்லபாய் நின்றுகொண்டு, மூடிய கையிலிருந்து எதையோ தகட்டின்மேல் தூவிக்கொண்டிருந்தாள். ஜின்சி ஓடிப்போய்த் தகட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு!

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வேணும்னேதான் செய்யுதியளா மாமி? எனக்க பெட்டி வெளங்கக் கூடாதுன்னு இத்தன நாளும் இதத்தான் செய்தியளா?"

செல்லபாய் திருடிப் பிடிபட்டவள்போல விழித்தாள். "மாதா கோயில்ல சாமியாரு மந்திரிச்சுத் தந்த உப்புட்டி. மந்திரிச்ச தண்ணியும் ரெண்டு சொட்டு. புது வள்ளத்துக்குப் போடுவோம், வலைக்குப் போடுவோம், எஞ்சினுக்குப் போடுவோம். இதுக்கு மட்டும் போடாண்டாமா?"

"எப்ப இருந்து?"

"நீ கெட்டின அன்னைக்கே போட்டேன். நேத்தும் பொய் சொல்லிச்சுல்லா, அதான் இன்னைக்கு ஒரு பிடி கூட." குரல் இறங்கியது. "எல்லாவனும் ஒன்னப் பாத்துச் சிரிக்கானுவ. எனக்குப் பொறுக்கல மக்கா."

பெட்டி பொய் சொல்லச் சொல்ல உப்பு கூடியிருக்கிறது, உப்பு கூடக் கூடப் பெட்டி பொய் சொல்லியிருக்கிறது. கடற்காற்றின் ஈரத்தை அந்த உப்பு குடித்துக் கசிந்ததும், மழை மழை என்று அது கூவியிருக்கிறது. ஜின்சி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சொன்ன வார்த்தையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பெட்டிக்கு மேல போட்டாப் போதாதா மாமி? தகட்டுல வேண்டாமே."

"வலைக்குப் போடுத உப்ப வீட்டுக்க ஓட்டுலயா போடுவாவ?"

யோசித்துப் பார்த்தால், மாமி போடாவிட்டாலும் இந்தக் காற்று நாலு நாளில் தகட்டில் உப்பைப் பூசத்தான் போகிறது. கதவுக் கீலையே தின்கிற காற்று இது. வீடியோக்காரரின் ஊரில் கடல் இருக்காது. எழுநூறு என்பது அவருடைய ஊர்க் கணக்கு.

அன்று தைக்க வந்த துணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். எழுநூறை அழித்தாள். தினமும் காலையில் மாமி உப்பும் தீர்த்தமும் தெளித்து முடித்தபின் பெட்டியைப் போட வேண்டும். போட்டதும் அந்த ஈரத்தோடு வருகிற எண்ணை நீலப் பலகை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய பொழுதுக்கு அதுதான் காய்ந்த கணக்கு. அதற்கும் கீழே சடாரென்று விழுந்தால் மட்டும் கூவ வேண்டும். மனதில் வைக்கிற எண்ணுக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டுமே, ஆங்கில எழுத்தில் ஜெபம் என்று தட்டினாள். திட்டு எதுவும் வரவில்லை.

பிறகு செல்லபாயைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினாள். "இந்தா இருக்குல்லா, இது நீங்க போடுத உப்பு. இதுக்கும் கீழ போனாத்தான் அது மழைன்னு சொல்லும். நீங்க போடலைன்னா இதுக்குக் கணக்கு தெரியாது."

செல்லபாய் நல்ல கண்ணைத் திரைக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் கடற்காற்று வீசியது, மேகம் போனது, பெட்டி வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது பஸ்ஸர் அலறியது. சிலுவை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பக்கத்து வீடுகளில் யாரும் அசையவில்லை. ஜின்சி மட்டும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதி மூடுவதற்குள், தகட்டில் முதலில் பட்ட தூறல் பெருந்துளிகளாகி மணலில் பொத்துப் பொத்தென்று விழுந்தது. "அட மாதாவே!" என்று கத்திக்கொண்டு சிலுவை வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான்.

மழை வலுத்தது. கிழக்கு ஓரம் இன்னும் திறந்துகிடந்தது. இந்நேரம் மாமி பாய்ந்து வந்திருப்பாள், கண்ணில் மணலும் தண்ணீரும் போயிருக்கும் என்று பதறித் திரும்பினாள் ஜின்சி.

செல்லபாய் வாசலுக்கு உள்ளேயே நின்றாள். கதவு நிலையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். ஒரு கால்கூட வெளியே இல்லை.

"கெழக்க மூடுட்டி, கெழக்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். "நான் வரமாட்டேன் கேட்டியா! எனக்க கண்ணுக்கு ஆவாது! நீயும் அதுவுமாப் பாத்துக்கிடுங்க!"

ஜின்சி கிழக்கு முனையை இழுத்துக் கல்லை ஏற்றினாள். பிறகு சிலுவை பார்க்கிறான் என்றும் பாராமல், அந்த மழையில் நின்று சந்தோஷமாக அழுதாள்.