கூட உட்காராதவள்

…சொல்லிவிடலாமா, டீச்சர் வாய் நிறையப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, இல்லைங்க, நான் பிள்ளைகூட உட்காரவே இல்லைங்க என்று எப்படிச் சொல்வது… பேச்சுப் பயிற்சி டீச்சர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டுகிறாள், பாருங்கம்மா, முன்னாடி ஒத்தை வார்த்தை, இப்ப ரெண்டு சேர்த்துச் சொல்றா, வீட்ல நல்லா உழைச்சிருக்கீங்க. உழைச்சிருக்கீங்களாம்! பெற்றவளுக்குக் காது மடல் சுட்டது. மூன்றரை வயதாகியும் சரியாக வாய் திறக்காத பிள்ளைக்கு மைனா என்று செல்லப்பேர் வைத்த புண்ணியவதி மாமியார், கேட்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றே வைத்ததுபோல. அந்த மைனாவைப் பேசவைக்கத்தான் இந்த டேப், உள்ளே ஏதோ செயற்கை நுண்ணறிவாம், படம் காட்டிக் கேள்வி கேட்கும், பிள்ளை முணுமுணுத்தாலும் காதில் வாங்கிக்கொள்ளும், அதற்குத் தகுந்த மாதிரி அடுத்ததைக் கேட்கும். டீச்சர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. அம்மா பக்கத்தில் உட்காரணும், அதே கேள்வியை அம்மாவும் கேட்கணும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கணும், டேப் ஆரம்பிச்சுதான் கொடுக்கும், பேச்சு உங்க மடியிலதான் வளரணும்மா.

மடி எங்கே காலியாக இருந்தது… அதில் லேப்டாப் இருந்தது, வீட்டிலிருந்தே பார்க்கிற கஸ்டமர் கேர் வேலை, காதில் ஹெட்போன், யாரோ ஒருவரின் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்ற புகார். அவசரமே இல்லை சார், நிதானமா சொல்லுங்க… ஐயோ, முகம் தெரியாத ஆளிடம் தேன் ஒழுகப் பேசுகிற இந்த வாய்க்குப் பெற்ற பிள்ளையிடம் மட்டும் ஏன் பொறுமை வராது, சம்பளம் கொடுத்தால்தான் வருமா? முதல் சில நாள் உட்கார்ந்தாள், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் டேப்பையும் பிள்ளையையும் உள்ளறையில் விட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தியாயிற்று, பிள்ளை எட்டிப் பார்த்தால் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்குவாள். யானை எங்க போகுது என்று டேப் கேட்கும், கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும், இருக்கும், இருந்துகொண்டே இருக்கும், அவளாக இருந்தால் குளிக்கப் போகுதுடி என்று தானே சொல்லி முடித்திருப்பாள், அது அசையவே அசையாது, கடைசியில் குளிக்க என்று சின்னக் குரல் வரும். மியூட்டைப் போட்டுக்கொண்டு சந்தோஷப்பட்டாள், நிஜமாகவே சந்தோஷம்தான், அப்புறம் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று… சீ, இயந்திரத்தைப் பார்த்தா பொறாமை? அதான் பேசறாளே, அப்புறம் என்ன என்றார் வீட்டுக்காரர். அப்புறம் என்ன… டேப்பிடம் பேசுகிறாள், என்னிடம் பேசுகிறாளா என்று அவள் அவரிடம் கேட்கவில்லை, தன்னிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்ப டேப் வேண்டாம், நீங்க கேளுங்கம்மா, வீட்ல கேக்கற மாதிரியே, என்று டீச்சர் அதை அணைத்துவிட்டாள். வீட்டில் கேட்கிற மாதிரி! பாயில் மைனா மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், எதிரில் போய் உட்கார்ந்து, மைனா, என்ன கட்டறே… வீடா, வீடுதானே செல்லம், என்று மூச்சுவிடுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள், டீச்சர் உதட்டில் விரல் வைத்தாள். சரி, வாயை மூடியாச்சு. குட்டு வெளிப்படப் போகிறது, படட்டுமே, அதுவா இப்போது பெரிசு, என் குரலுக்கு இந்தப் பிள்ளை பதில் சொல்லவே போவதில்லையா, ஒரே ஒரு தடவை சொல்லுடி கண்ணு, தப்பாகச் சொன்னாலும் சரி… மைனா தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். தெள்ளத் தெளிவாகச் சொன்னாள்: "இரும்மா, எனக்கு வேலை இருக்கு."

அடேயப்பா, முழு வாக்கியம், என்று டீச்சர் கைதட்டினாள், டேப்ல இது கிடையவே கிடையாதே, எங்கேருந்து கத்துக்கிட்டாம்மா? அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரிக்காமல் எப்படி, பிள்ளை பேசிவிட்டதே, அம்மாவிடமே பேசிவிட்டதே… ஆனால் அந்த விரல், முகம் திரும்பாத அந்தத் தோரணை, அந்த 'இரு'வில் இருந்த இழுவை. இத்தனை நாளில் டேப் ஒரு தடவைகூட மைனாவிடம் அப்படிச் சொன்னதில்லை.