கயிறு பிடிக்க ஒரு மச்சான்

வைகாசி மாதம்தான் என்றாலும், விடிந்தும் விடியாத வேளையில் குடைக்கல் குளத்துத் தண்ணீர் எலும்பு வரை போய்வரும். கழுத்தளவு இறங்கும்போதே பல் கிட்டிவிடும். சங்கிலிப்பாண்டி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கல்லை நெஞ்சோடு அணைத்தபடி முங்கினான் என்றால், கரையில் நிற்கும் நல்லதம்பிக்கு அவன் அதன்பிறகு உள்ளங்கையில் ஓடும் கயிறு மட்டும்தான். கயிறு மெல்ல ஊர்ந்தால் தரையைத் தடவிப் போகிறான். நின்றால் பாறையிடுக்கில் கைவிட்டிருக்கிறான். வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்தால், தூக்கு என்று பொருள். தூக்கத் தாமதித்தால் தன் அக்காள் மாரித்தாயின் தாலிக்கு யார் பதில் சொல்வது?

அதற்காகத்தான் முங்குகிறவனுக்கு அவன் மச்சான் கயிறு பிடிக்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். கீழக்கரையில் சங்கு குளித்துவிட்டு, தென்காசியில் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்ட பீர் மைதீன் கொண்டுவந்த வழக்கம் அது. அண்ணன் தம்பி பிடித்தால் பங்காளிப் புத்தி எந்த நேரம் எப்படித் திரும்பும் என்று சொல்லமுடியாது. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கயிற்றை விடமாட்டான். விட்டால் மூலையில் உட்காரப்போவது அவன் வீட்டுப் பெண். பீர் மைதீனுக்கு அவன் மைத்துனன் யாக்கூப் பிடித்தான். நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடக்க, குளத்துக்கு வந்தவன் அவன். இப்படி ஏழெட்டு ஜோடிகள் கரை நெடுகிலும் நின்றன.

பிடிக்கிற மீனுக்குப் பெயர் ஜிலேபிக் கெண்டை. இனிப்பெல்லாம் பெயரோடு சரி. குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த நாறும்பூநாதன், சீமை மீன், வதவதவென்று பெருகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பானைக் குஞ்சை வாங்கிவந்து விட்டார். பெருகத்தான் செய்தது. வராலும் கெளுத்தியும் அயிரையும் போன இடம் தெரியவில்லை. ஜிலேபியோ கையகலத்துக்கு மேல் வளரவும் இல்லை, சந்தையில் விலைபோகவும் இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். இப்போது நல்ல விலைபோகும் கட்லா மீன் குஞ்சு தருகிறோம், முதலில் இதைப் பூண்டோடு ஒழி என்று மீன்துறை அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வலை போட்டால் தண்ணீருக்குள் நிற்கும் கருவேலங்கட்டைகளில் கிழிந்து வருகிறது. குளத்தை வற்றடிக்க நாற்றங்கால்காரர்கள் விடவில்லை. ஆக, ஆள் முங்கிப் பிடிப்பது ஒன்றே வழி. குற்றாலத்தில் சாரல் விழுந்து, சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளத்துக்குள் வந்துவிட்டால் ஆழம் கூடி எல்லாம் பாழ். நாறும்பூநாதன் தினமும் மேற்கே மலையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

இந்த மீனிடம் ஒரு சூது உண்டு. தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்து வளர்க்கும். கையில் பிடிபட்டதும் அத்தனையையும் துப்பிவிடும். ஒன்றைப் பிடித்து நூற்றைக் குளத்துக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகையால் பிடித்த மறுகணம் வாயை இறுகப் பொத்தி, பொத்திய கையோடு மேலே வரவேண்டும். வாய் திறந்த மீன் கூலிக்குச் சேராது என்பது முதலாளி போட்ட சட்டம். ஒரு கை மீனுக்குப் போய்விட்டால், கலங்கல் தண்ணீரில் மேல் எது கீழ் எது என்று தெரியாதவனைக் கயிறுதான் கரைசேர்க்கும்.

அந்தக் கயிற்றைத்தான் அன்று காலை நாறும்பூநாதன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள ஒருத்தன் மீன் பிடிக்கான். சரி. கரையில நிக்கவன் என்னத்தப் பிடிக்கான்?"

"கயித்தப் பிடிக்கோம், மொதலாளி," என்றான் நல்லதம்பி.

"கயித்தப் பிடிக்க ஒரு முளைக்குச்சி போதாதாலே? நாளையிலேருந்து எல்லாவனும் தண்ணியில இறங்கணும். சும்மா நிக்கவனுக்குக் கூலி கிடையாது. மழை வாசல்ல நிக்கி."

"முளைக்குச்சி ஆளத் தூக்குமா வே?" என்று தண்ணீரிலிருந்து தலையை நீட்டிக் கேட்டான் பீர் மைதீன்.

"இது என்ன கடலா மைதீனு? ரெண்டு ஆள் ஆழம். பயமா இருந்தா வீட்டுல இரும். ஆலங்குளத்துல சொன்னா ஒரு லாரி ஆள் வரும்."

ஆலங்குளம் என்ற பெயரே எல்லாருக்கும் போதுமாக இருந்தது. அங்கே மழை தப்பி இரண்டு வருஷம். பசித்தவன் எந்தத் தண்ணீரிலும் இறங்குவான் என்பது இவர்களுக்குத் தெரியாததல்ல.

"ரெண்டு நாள் பாப்போம் மாப்ளே," என்றான் சங்கிலிப்பாண்டி. "எனக்குத் தெரியாத குளமா?"

நல்லதம்பிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவனும் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்காக அவன் பிறகு எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் எல்லாரும் கயிறில்லாமல் இறங்கினார்கள். நல்லதம்பி மடைப்பக்கம் முங்கினான். ஒரு மீனோடு மேலே வந்து மூச்சு வாங்கியபோது, பழக்கதோஷத்தில் உள்ளங்கையைப் பார்த்தான். வெறுங்கை. மச்சான் முங்கிய இடத்தைப் பார்த்தான். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. கொப்புளம்கூட இல்லை.

"மச்சானக் காணலியே," என்றான்.

பீர் மைதீனும் அவனும் மாறி மாறி முங்கினார்கள். நல்லதம்பியின் கைக்கு முதலில் தலைமுடி அகப்பட்டது. சங்கிலிப்பாண்டியின் கால், கருவேலங்கட்டைக் கவட்டில் செருகிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் போட்டு இழுத்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடக்கூடிய காலை, அவன் ஒற்றைக் கையால் இழுத்திருக்கிறான். மற்றக் கையில் தாய்மீன். கரையில் கிடத்தி வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்தபோதும் அந்த முஷ்டி திறக்கவில்லை. விரல் விரலாகப் பிரித்த பிறகு, மீன் வாயைத் திறந்து குஞ்சுகளை மண்ணில் துப்பியது. கூலிக்குச் சேராத மீன் ஆகிவிடக்கூடாதே என்று மீனை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான் பாவி. நல்லதம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

உயிர் இருந்தது. வண்டி பூட்டித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரித்தாய் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

சாயங்காலம் நாறும்பூநாதன் வந்தார். "கவனமா இருந்திருக்க வேண்டாமாலே?" என்றார்.

"கவனம் கரையிலல்லா நின்னுச்சு, மொதலாளி," என்றான் நல்லதம்பி. "அதத்தான நீங்க வேண்டாம்னு சொன்னிய."

"எதுத்தா பேசுத?"

"கயிறு பிடிக்கவனுக்கும் கூலி உண்டுன்னு சொல்லுங்க. விடியக்காலம் இறங்குதோம். இல்லைன்னா ஒருத்தனும் கால நனைக்கமாட்டான்."

யாக்கூப் எழுந்து அவன் பக்கத்தில் நின்றான். பிறகு பீர் மைதீன். பிறகு மற்றவர்கள். முதலாளி சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் விடியும்போது லாரி வந்து நின்றது. ஆலங்குளத்துப் பக்கம் கிணறு தூர்வாரிப் பிழைப்பவர்கள், எலும்பும் தோலுமாக இறங்கினார்கள். முன்னால் வந்தவன் பெயர் மாடன். யாக்கூப் குனிந்து ஒரு கல்லை எடுத்தான்.

"வயித்துல மண்ணப் போட வந்துட்டானுவ பாரு."

"கீழ போடு," என்றான் நல்லதம்பி. அவனுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் மாடன் தண்ணீரில் கால்வைத்த விதத்தைப் பார்த்துவிட்டான். மச்சான் முங்கிய அதே இடம். இடுப்பில் கயிறு இல்லை. நல்லதம்பி கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஏலே, நில்லு. அங்கன கட்டை கிடக்கு. முந்தாநாத்து எங்க மச்சான் செத்துப் பொழச்சான்."

மாடன் நின்றான். "மொதலாளி ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி. பிள்ளைய எல்லாம் அரைவயித்தோட கிடக்கு. அதான் வந்தோம்."

"உன் மேல தப்புச் சொல்லல. இறங்காதன்னும் சொல்லல. கயிறில்லாம இறங்காத. கயித்த உன் மச்சான் பிடிக்கணும். அதான் இங்கன வழக்கம். அதுக்குத்தான் நாங்க வெளிய நிக்கோம்."

மாடன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். கிணற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கு மேலே நிற்பவனின் அருமையைச் சொல்லித்தரவேண்டியதில்லை. அவன் தண்ணீரைவிட்டு ஏறினான். மற்றவர்களும் ஏறினார்கள்.

நாறும்பூநாதன் விறுவிறுவென்று வந்தார். "என்னலே மாடா, கரையில என்ன சோலி?"

"மச்சான் வரணும் மொதலாளி. வந்து கயித்தப் பிடிச்சா இறங்குதேன்."

"உன் மச்சான் எங்கலே இருக்கான்?"

மாடனின் சொந்த மச்சான் லாரியில் வரவில்லை. கயிற்றோடு நின்ற நல்லதம்பியைப் பார்த்தான், இவன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வட்டாரத்தில் மச்சான் என்ற சொல்லை நினைத்தவரைப் பார்த்துச் சொல்லிவிடமுடியாது. துலுக்கர் தெருவுக்குள்ளும் உழுது பிழைக்கும் சம்சாரி தெருவுக்குள்ளும் தாராளமாகப் புழங்கும் சொல், மாடன் வாழும் தெருப்பக்கம் வந்தால் முள்வேலியாகிவிடும். மற்றத் தெருக்காரர்களில் அந்தத் தெருவில் பெண் எடுத்தவனும் இல்லை, கொடுத்தவனும் இல்லை.

"அவன் மச்சான் இந்தா நிக்கேன்," என்றான் நல்லதம்பி.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அது நல்லதம்பியின் தெருக்காரன்தான். முதலாளி சிரித்தார்.

"எப்பம்லே அவனுக்குப் பொண்ணு குடுத்த?"

நல்லதம்பியின் காது மடல் சுட்டது. இந்தக் கேள்வி ராத்திரிக்குள் வீட்டுக்குப் போய்ச்சேரும், சாதிசனம் வாசலில் வந்து நின்று கேட்கும் என்பதும் தெரிந்தது. அவன் குனிந்து மாடனின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"இப்பம் குடுத்தேன்னு வச்சிக்கிடுங்க. பிடிக்கவனுக்கும் கூலி உண்டுன்னு சொல்லுங்க மொதலாளி, இறங்குதான்."

இருமியவன் ஊர்ப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் கயிற்றை எடுத்துக்கொண்டு, ஆலங்குளத்து ஆள் ஒருவனிடம் போய், "இடுப்பக் காட்டும்," என்றான். யாக்கூப் கல்லை எப்போது கீழே போட்டான் என்று யாரும் பார்க்கவில்லை.

மேற்கே மலையுச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நாறும்பூநாதன் அதைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். தண்ணீரில் ஒரு ஆளும் இல்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். திரும்பிப் போகலாம் என்று யாரும் அசையவில்லை.

வெயில் ஏறியது. மாடன் கயிறு கட்டிய இடுப்போடு கரைச்சரிவில் உட்கார்ந்தான். நல்லதம்பி கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான். மாடன் இரண்டு முறை வாயெடுத்தான். இரண்டு முறையும் அண்ணாச்சி என்ற பழைய சொல் நாக்குநுனி வரை வந்து திரும்பிப் போனது. பக்கத்தில் கிடந்த முள்ளை ஒதுக்கி, கையால் மண்ணைத் துடைத்து இடம் பண்ணினான்.

"எம்புட்டு நேரந்தான் நிப்ப," என்றான் மெதுவாக. "இங்கன உக்காரு, மச்சான்."

நல்லதம்பி உட்கார்ந்தான்.