இரண்டாம் நேபியின் பாயில் உப்பு

புது அரசனின் தலையில் அபிஷேக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தபோது, கட்டியம் கூறும் எலியாம் வாய் தவறி, இறந்துபோன தலைவரின் பெயரைச் சொல்லிவிட்டான். “வாழ்க நேபி” என்றான். ஜனங்களும் பழக்கதோஷத்தில் அதையே திருப்பிச் சொன்னார்கள். அந்த நொடியில் புது அரசனின் சொந்தப் பெயர் எல்லார் நினைவிலிருந்தும் உதிர்ந்துபோயிற்று. அரசன் எலியாமின் கூடப்பிறந்த தம்பி. ஊரார் பெயரையெல்லாம் உரக்கச் சொன்ன வாய்க்குத் தம்பி பெயர் மட்டும் மிஞ்சவில்லை.

இறந்தவர், தானே இரும்பு அடித்துக் கப்பல் கட்டி, இந்த ஜனத்தைக் கடல் கடந்து கூட்டிவந்தவர். எனக்கு அரசப் பதவி வேண்டாம் என்று உயிரோடிருக்கும்வரை மன்றாடியவர். செத்த பிறகும் பதவி அவரை விடவில்லை. தம்பியோ இந்த மலையில் பிறந்து கடலையே பார்க்காதவன், இடக்கைக்காரன், கொல்லுலைப் புகை பட்டாலே தும்முவான். மறுநாளே அந்தப் பெரியவரைப் போல வலக்கையால் இரும்பு அடித்தான். தும்மவில்லை. அவன் படுத்தெழுந்த பாயில் கடலுப்பு ஈரமாகப் படிந்திருந்தது. மனைவி ஜெருஷா அதைக் கூட்டி அள்ளிக் கூழில் போட்டாள். மலையில் உப்பு கிடைப்பது அரிது. அண்டை வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு வரத் தொடங்கினார்கள். இனி வரும் அரசர்களுக்கும் இதே பெயர்தான், மூன்றாம் நேபி, நான்காம் நேபி என்று எண்ணிக்கொண்டால் போதும், கட்டியக்காரன் உளற வழியில்லை என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள்.

எலியாம் வருஷக்கணக்கில் அந்தப் பெயரைத் தேடினான். மலையுச்சியில் நின்று வாய்க்கு வந்த பெயர்களையெல்லாம் கத்திப் பார்த்தான். ஆடுகள்தான் திரும்பிப் பார்த்தன. தாயைக் கேட்டால், “ரெண்டு பெத்தேன். ஒன்னு கத்துது, ஒன்னு ஆளுது. பேர் என்னத்துக்குடா?” என்றாள். தம்பியையே கேட்டால், அவன் வெறும் வானத்தைப் பார்த்து, “காத்து மாறுது, கப்பல் பாயை இறக்குங்க” என்பான்.

தலை நரைத்தபின் ஒரு மத்தியானம் எலியாம், உப்பைக் கூட்டிக்கொண்டிருந்த ஜெருஷாவின் முன்னால் போய் நின்றான்.

“மறைக்காம சொல்லும்மா. என் தம்பி இருக்கானா, போயிட்டானா?”

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“இருக்காரு அத்தான். பாயில பாதிய அந்தப் பெரியவரு பிடிச்சுக்கிட்டாரு. உங்க தம்பி தரையில கிடக்காரு. அவரோட பழைய பேரு என்னவோ, அப்பவே எனக்குப் பிடிக்கல. ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கு அவரு எப்பவும் ‘இந்தாங்க’தான்.”

பிறகு கொல்லுலைப் பக்கம் திரும்பி, “இந்தாங்க” என்று கூப்பிட்டாள்.

சம்மட்டிச் சத்தம் நின்றது. உள்ளே யாரோ தும்மினார்கள்.