பக்கத்து வீட்டுக் கார் சாவி

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நடந்தது விளங்கும்.

எங்கள் வீட்டுக்கும் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பாதை. ஒரு வண்டி போகிற அகலம்தான். இரண்டு வீட்டுப் பத்திரத்திலும் அது பொது. உள்ளே போனால் கடைசியில் ஆளுக்கொரு ஷெட். பாதையில் யாராவது வண்டியை விட்டுவிட்டால், உள்ளே நிற்கிற வண்டி உள்ளேயேதான்.

குடிவந்த புதிதில் இதற்கு ஒரு வழி செய்துகொண்டோம். எங்கள் வேனின் மாற்றுச் சாவி அவர்கள் வீட்டில் இருக்கும். அவர்கள் காரின் மாற்றுச் சாவி எங்கள் சமையலறையில், டீ வடிகட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அவசரமென்றால் யாரையும் கேட்க வேண்டாம். எடுத்து நகர்த்திக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வெகுகாலம் இது நன்றாகவே ஓடியது.

பிறகு அவர் காரை ஷெட்டில் விடுவதை நிறுத்திவிட்டார். பாதையின் வாயிலிலேயே, மதில் நிழலில் நிறுத்திவிட்டுக் கடைக்கு நடந்து போக ஆரம்பித்தார். என் கணவர் ஃப்ரீசர் மெக்கானிக். எந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

"ஷெட்டு எதுக்கு சார் கட்டுனீங்க, கோழி வளக்கவா?" என்று இவர் ஒருநாள் கேட்டார்.

"பாதை எனக்கும் பாதிதான்," என்றார் அவர். காரணம் சொல்லவில்லை. அவர் எதற்குமே காரணம் சொல்கிற ஆளில்லை.

அடுத்த வாரம் எங்கள் வேன் வெளியே வரும்போது அவர் காரின் பம்பரில் உரசியது. வேண்டுமென்று செய்தது என்றார் அவர். இல்லை என்றார் இவர். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. சாவிகள் மட்டும் அந்தந்த வீட்டு ஆணியிலேயே தொங்கின. திருப்பிக் கொடுப்பதென்றால் படியேற வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆம்பிளைகளுக்கும் அதற்கு மனமில்லை. இவர் ஹாரன் அடிப்பார். மருந்துக்கடைக்காரர் மனைவி, அந்த வீட்டு மருமகள், கையைத் துடைத்துக்கொண்டே வந்து காரை எடுப்பாள். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு நல்ல வெயில். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் இவருக்குப் போன் வந்தது. மீன் கிடங்கில் ஃப்ரீசர் ரூம் நின்றுவிட்டதாம். இவர் வேனில் ஏறி ஹாரன் அடித்தார், அடித்தார், யாரும் வரவில்லை. இறங்கி வந்தார். நேராகச் சமையலறைக்குப் போய் அந்தச் சாவியை எடுத்தார்.

"அவங்க வரட்டுங்க," என்றேன்.

"வர்றதுக்குள்ள மீனெல்லாம் கருவாடாயிடும்."

"சரி, ரோட்டோரமா விடுங்க."

"ரோட்டோரமா விட்டா புத்தி வருமா? கொஞ்சம் தேடட்டும். நடந்தா சுகருக்கும் நல்லது."

காரை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் நடந்தே திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் ஒரு சிரிப்பு இருந்தது.

தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன், கதவு தட்டும் சத்தம். அந்த மருமகள். இத்தனை மாதத்தில் எங்கள் படியேறியதே இல்லை.

"அக்கா, மாமாவப் பாத்தீங்களா?"

மாமா என்றால் அவள் மாமனார், மருந்துக்கடைக்காரரின் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைக் கண்டக்டர் மாமா என்றுதான் கூப்பிடும். சமீபமாக மறதி வந்து, ஆளையே வெளியில் காண்பதில்லை. காரைப் பற்றித்தான் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்த எனக்குச் சற்று நிம்மதிகூட வந்தது.

"இல்லையேம்மா. உள்ள எங்கயாவது படுத்திருப்பாரு."

"உள்ள படுக்க மாட்டாருக்கா. கட்டில்ல போட்டா எழுந்து உக்காந்துக்குவாரு. கார்ல பின் சீட்டுல படுத்தாத்தான் தூக்கமே வரும். அதுக்குத்தான் நிழல்ல நிறுத்துறோம். தூங்க வெச்சுட்டு, முன் கண்ணாடிய எறக்கி விட்டுட்டு, கடைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்துட்டு ஓடி வர்றேன். வந்து பாத்தா காரும் இல்ல, மாமாவும் இல்ல. எங்க வீட்டுக்காரரு எடுக்கலையாம். திருடன் எவனோ..."

அவள் பேசிக்கொண்டே போனாள். எனக்கு அதற்குமேல் காதில் விழவில்லை. சமையலறை ஆணியைப் பார்த்தேன். வடிகட்டி மட்டும் தொங்கியது.

"திருடன் இல்லம்மா," என்றேன். "எங்க வீட்டுக்காரர்தான் எடுத்தாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. திட்டவில்லை. "எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கே என்று எனக்குத் தெரியாது. இவருக்குப் போன் போட்டேன். ஃப்ரீசர் ரூமுக்குள் இருந்தால் இவர் போனில் சிக்னல் எடுக்காது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அவள் அதற்குள் வாசலுக்கு ஓடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள். நானும் பின்னால் ஓடினேன். செருப்புப் போடக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. கால்மிதியில் மஞ்சளாக மரத்தூள். இவர் தண்ணீர் குடிக்க வந்தபோது தட்டிவிட்டுப் போனது.

"மரக்கடை," என்றேன். "பின் தெரு மரக்கடை."

அந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மரக்கடையின் பின்பக்கம், நிழலே இல்லாத வெட்டவெளியில், பலகை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் கார் நின்றது. எல்லாக் கண்ணாடியும் மேலே ஏறியிருந்தது. தூசி விழுந்து பிறகு குறை சொல்லக் கூடாதே என்று, இவர்தான் பொத்தானை அழுத்தி ஏற்றிப் பூட்டியிருக்கிறார். பின் கண்ணாடிகள் கறுப்பு. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அவள் கதவை இழுத்தாள். கைப்பிடி சுட்டது, விடவில்லை. சாவி ஒன்று இவர் பையில், இன்னொன்றை அவள் அவசரத்தில் வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். பின் கதவுகளை உள்ளிருந்தும் திறக்க முடியாது. ஓடும்போது திறந்துவிடுகிறார் என்று குழந்தைப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்களாம். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். ஒரு போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு கை. அசையவில்லை.

மரக்கடைக்காரர் வந்து "யாரும்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள், அவள் கீழே கிடந்த கட்டையை எடுத்து முன் கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். கையை உள்ளே விட்டுப் பூட்டைத் திறந்தாள். அனல் எங்கள் முகத்தில் அடித்தது. மூவருமாக அவரை வெளியே தூக்கிப் பலகை நிழலில் போட்டோம். உதடு வெளுத்து, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மரக்கடைக்காரர் குடத்தோடு தண்ணீரை ஊற்றினார். அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மாமா. மாமா. இங்க பாருங்க மாமா."

வெகுநேரம் போன மாதிரி இருந்தது. பிறகு கண் பாதி திறந்தது. எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எறங்குறவங்க முன்னாடி எறங்குங்க. ஏறுறவங்க அப்புறம்," என்றார்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டாள். நான் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். இவர் சாயங்காலம் வந்து நான் சொன்னதைக் கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடிய நான்தான் ஏத்துனேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று இருவரும் போனோம். இவர் சாவியை மேசையில் வைத்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்தாரே தவிர இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பகல்ல வேன் வெளியவே நிக்கட்டும் சார். பாதையில நான் வரமாட்டேன்," என்றார் இவர். "ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எங்கப்பாவுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு தெருவுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கணுமா?" என்று அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இன்றுவரை இவரோடு அவர் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

சாவியை எடுத்துத் திரும்ப என் கையில் வைத்தது அந்த மருமகள்தான்.

"மாட்டி வைங்கக்கா. நான் இல்லாத நேரத்துல அவருக்கு ஏதாவதுன்னா தொறக்க ஆள் வேணும். ஆனா எடுக்குறதுக்கு முன்னாடி பின் சீட்டப் பாக்கச் சொல்லுங்க."

சாவி இப்போதும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இவர் தொடுவதில்லை. எங்கள் வேனுக்குப் பின் சீட்டே கிடையாது. கேஸ் சிலிண்டரும் குழாயும்தான் கிடக்கும். இருந்தாலும் தினமும் கிளம்புமுன் பின் கதவைத் திறக்கிறார். தலையை உள்ளே விட்டு, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறார்.